ஹெர்ரிங்கின் பந்தயக் குதிரைகளை நகலெடுக்கிறேன், கால்களைத் திருத்தலாமா?

தேன்மொழி வரைகிறாள்:

எல்லோருக்கும் வணக்கம். ஓவியம் முறையாகப் படித்ததில்லை, இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். பழைய ஓவியம் ஒன்றை எடுத்து அதை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்பது இப்போதைய பயிற்சி. சின்ன வயதிலிருந்தே எனக்குக் குதிரை என்றால் உயிர், அதனால் ஜான் ஃபிரெடெரிக் ஹெர்ரிங் வரைந்ததிலிருந்து அச்சிட்ட ஒரு பந்தயப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். 1851 மே 13 அன்று இங்கிலாந்தில் யார்க் மைதானத்தில் ஃபிளையிங் டச்மேன், வோல்டிஜர் என்ற இரண்டே குதிரைகள் மோதிய போட்டி அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டு வந்து பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

பென்சிலில் பாதி முடித்துவிட்டேன். போன வாரம் வகுப்பில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் குதிரையும் இப்படி ஓடாதே" என்றார். முன்னங்கால் இரண்டும் முன்னால் நீண்டு, பின்னங்கால் இரண்டும் பின்னால் நீண்டு, நாலு குளம்பும் தரையில் படாமல் வயிறு புல்லை உரசுகிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்து மெதுவாக ஓடும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான், அந்த நிலை எங்குமே வரவில்லை. அப்போதிலிருந்து பென்சிலைத் தொட மனம் வரவில்லை.

நகலெடுக்கும்போது கால்களைச் சரியாக மாற்றி வரையலாமா, இல்லை அப்படியே விடுவதா? தினமும் குதிரையோடு புழங்கிய மனிதர்கள் இதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்? இன்னொன்று, ஜாக்கிகள் இரண்டு பேரும் பொம்மை மாதிரி ஒரே முகமாக இருக்கிறார்கள், சட்டை மட்டும்தான் வேறு, ஒருவருக்குப் புள்ளி, ஒருவருக்கு ஸ்காட்லாந்துக் கட்டம். குதிரைக்கு இவ்வளவு மெனக்கெட்டவர் மனிதனை ஏன் இப்படி விட்டுவிட்டார்?

கரித்துண்டு:

திருத்தாதீர்கள். காரணம் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் கவனிக்காமல் இல்லை. ஓடுகிற குதிரையின் காலை வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது, அவ்வளவு வேகம். இதற்கு ஜார்ஜ் ஸ்டப்ஸைவிட நல்ல சாட்சி கிடையாது. லிங்கன்ஷைரில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொண்டு, ஒன்றரை வருடம் செத்த குதிரைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, தோல், தசை, நரம்பு, எலும்பு என்று ஒவ்வொரு அடுக்காக உரித்து வரைந்தவர் அவர். அதையெல்லாம் 1766-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். குதிரையின் உடம்புக்குள் அந்த அளவுக்குப் போன ஓவியர் அவருக்கு முன்னால் இங்கிலாந்தில் யாரும் இல்லை. அவரே ஓடுகிற குதிரையை வரைய வந்தபோது நீங்கள் சொல்கிற அதே நீட்டிய காலைத்தான் வரைந்தார். எலும்பு எங்கே எதோடு சேர்கிறது என்பதைக் கத்தியால் அறுத்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் அந்தக் கால் ஒரு கணத்தில் எங்கே இருக்கிறது என்பதை எந்தக் கத்தியும் காட்டாது.

அதைக் காட்டியது புகைப்படம்தான். எட்வர்ட் மைபிரிட்ஜ், லண்டனுக்குப் பக்கத்தில் கிங்ஸ்டனில் பிறந்து அமெரிக்கா போனவர், 1878-ல் கலிஃபோர்னியாவில் ஓட்டப்பாதை ஓரமாக வரிசையாகக் கேமராக்களை வைத்து சேலி கார்ட்னர் என்ற குதிரையை ஜாக்கியோடு ஓடவிட்டுப் படமெடுத்தார். நாலு காலும் அந்தரத்தில் இருக்கிற ஒரு கணம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது கால்கள் விரிந்திருக்கும்போது வருவதில்லை, வயிற்றுக்கு அடியில் நாலும் ஒன்றாகச் சுருண்டிருக்கும்போது வருகிறது. விரிந்திருக்கும்போது ஒரு குளம்பாவது தரையில் இருக்கும். 1882 மார்ச்சில் மைபிரிட்ஜ் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இந்தப் படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டினார், வேல்ஸ் இளவரசரும் வந்து பார்த்தார். ஹெர்ரிங் இறந்தது 1865-ல், அவருக்கு இதைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நீட்டிய கால் ஒரு தலைமுறைக்கே வேகத்தின் அடையாளமாக இருந்தது. நாம்கூட நாலுகால் பாய்ச்சல் என்றுதானே சொல்கிறோம், அதைக் கேட்டதும் மனதில் வருகிற படம் எது? சுருண்ட கால் இல்லை. பிரான்சிலிருந்து வந்த ஓவியர் ஜெரிகோ 1821-ல் இங்கிலாந்தில் இருந்தபோது எப்சம் டெர்பி என்ற குதிரைப் பந்தயத்தை வரைந்தார், அது இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுத்த வானத்தின் கீழே நாலு குதிரைகள், ஒன்றின் காலும் மண்ணில் இல்லை, ஆங்கிலேயர்களின் அச்சுப் படங்களில் பார்த்துப் பழகிய அதே பாய்ச்சல். அதன் கால்களை மைபிரிட்ஜ் படத்தைப் பார்த்துத் திருத்தினால் ஓவியம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் படமும் அப்படித்தான் ஆகும்.

லாயத்து வாசல்:

தங்கச்சி, மேலே நண்பர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்ட படத்தையே மாற்றச் சொல்வேன். அப்பா சென்னையில் பந்தயக் குதிரை லாயத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தார், பள்ளி விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். அந்த வாசனையோடு வளர்ந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இந்த ஓவியர்களின் உண்மையான கண் ஓடும் குதிரையில் இல்லை, நிற்கும் குதிரையில் இருக்கிறது.

ஹெர்ரிங் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். லண்டனில் பிறந்தவர், 1814-ல் 19 வயதில் யார்க்ஷைரில் டான்காஸ்டருக்கு வந்து சேர்ந்தார், அங்கே நடக்கும் செயின்ட் லெஜர் பந்தயத்தின் சமயம். அந்த வருடம் ஜெயித்த வில்லியம் என்ற குதிரையை ஒரு கோச்சு வண்டியின் கதவில் வரைய முடியாமல் ஒரு பெயின்டர் திணறிக்கொண்டிருந்தாராம், இவர் பிரஷை வாங்கி வரைந்து கொடுத்தாராம், அப்படித்தான் தொழிலுக்கு வந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அதற்குப் பிறகு அவர் பல வருடம் கோச்சு வண்டிகளுக்கும் சத்திரப் பலகைகளுக்கும் சித்திரம் எழுதிக்கொண்டு, கோச்சு வண்டியும் ஓட்டினார் என்பது நிஜம். இரவெல்லாம் நாலு குதிரைகளின் கடிவாள வாரைக் கையில் பிடித்திருந்தவர். வார் வழியாகவே குதிரையின் வாய் எப்படி இருக்கிறது, எது களைத்திருக்கிறது, எது முரண்டு பிடிக்கப் போகிறது என்று கைக்குத் தெரியும். அந்தக் கைதான் பிறகு 33 வருடம் விடாமல் செயின்ட் லெஜர் வென்ற குதிரைகளை வரைந்தது.

1825-ல் ஜெயித்த மெம்னன் மேல் வில்லியம் ஸ்காட் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது, அவர்களுடைய தளத்திலேயே பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கழுத்து நரம்பு எங்கே புடைத்திருக்கிறது, பின்தொடையில் வெளிச்சம் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது, தோலின் பளபளப்பு எங்கே முடிந்து எங்கே மங்கல் ஆரம்பிக்கிறது, இதையெல்லாம் பெரிதாக்கிப் பாருங்கள். காலையில் குதிரையைத் தேய்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்று அப்பா பார்க்கிற பார்வை அது.

தலை சின்னதாக, கழுத்து நீளமாக, கால் மெலிசாக இருப்பதில் கொஞ்சம் உரிமையாளர்களின் ஆசையும் சேர்ந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. தரோபிரெட் என்கிற அந்தப் பந்தயக் குதிரை இனமே கீழை நாட்டுக் குதிரைகள் மூன்றை மூதாதையாகச் சொல்லிக்கொள்வது, டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன், பயர்லி டர்க். சின்னத் தலையும் மெல்லிய காலும் அந்த ரத்தத்தின் அடையாளம் என்று நம்பினார்கள், காசு கொடுப்பவரும் அதைத்தான் பார்க்க விரும்பினார். ஹெர்ரிங்குக்கு முந்தைய தலைமுறையில் பென் மார்ஷல் என்று ஒருவர், லண்டனில் நல்ல பெயர் வாங்கியிருந்தும் 1812-ல் குடும்பத்தோடு, குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்போன நியூமார்க்கெட் ஊர்ப் பக்கம் குடிபோனார். தன் குதிரையை வரைய ஐம்பது கினி கொடுப்பவன் மனைவியை வரைய பத்து கினி அதிகம் என்கிறான், அதனால்தான் போகிறேன் என்று சொன்னாராம். கினி என்பது பழைய ஆங்கிலப் பொன் நாணயம், ஐம்பது கினி அந்தக் காலத்தில் சாதாரணப் பணமில்லை.

சட்டை பற்றிக் கேட்டீர்கள். அது ஜாக்கியுடையது இல்லை, உரிமையாளருடையது. 1762-லேயே நியூமார்க்கெட்டில் ஜாக்கி கிளப் என்ற பந்தய அமைப்பு முக்கியமான உரிமையாளர்களின் நிறங்களைப் பதிந்து வைத்துவிட்டது, தூரத்திலிருந்து எது யார் குதிரை என்று தெரிய வேண்டுமே. உங்கள் படத்தில் புள்ளிச் சட்டை ஸெட்லண்ட் பிரபுவுடையது, குதிரை வோல்டிஜர். கட்டம் போட்டது எக்ளின்டன் பிரபுவுடையது, அது ஃபிளையிங் டச்மேன். அவர் ஸ்காட்லாந்துக்காரர், அதனால்தான் அந்தக் கட்டம்.

மழைக்காகிதம்:

ஜாக்கிகள் பொம்மையாக இருக்கிறார்கள் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தேன்மொழி. ஓடும் படங்களில் சரி, அங்கே முகம் ஒரு விரல் நகம் அளவுகூட இல்லை. ஆனால் நின்ற நிலையில் குதிரைமேல் ஜாக்கி இருக்கும் படங்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அவை ஆளை அடையாளம் தெரிகிற முகங்கள். படத்தின் தலைப்பிலேயே குதிரையின் பெயரோடு மேலே இருப்பவரின் பெயரும் வரும். மேலே சொன்ன ஸ்காட் செயின்ட் லெஜரை 9 முறை ஜெயித்தவர், அவரை டான்காஸ்டரில் தெரியாதவர் கிடையாது, தப்பான முகத்தை வரைந்துவிட்டு ஹெர்ரிங் அந்த ஊரில் நடமாடியிருக்க முடியாது.

எனக்குப் பிடித்தது பென் மார்ஷலின் ஒரு படம். 1818-ல் டெர்பி வென்ற குதிரையின் பெயர் சாம். ஓட்டியவர் இளைய சாம் சிஃப்னி. ஆமாம், ஜாக்கியின் பெயரைத்தான் தார்ன்ஹில் என்ற உரிமையாளர் குதிரைக்கு வைத்தார். சிஃப்னி பந்தயம் முழுக்கப் பின்னாலேயே தங்கிவிட்டுக் கடைசியில் ஒரே பாய்ச்சலில் முன்னால் வருகிறவர், அதற்கு அவர் பெயரையே வைத்துச் சொல்வார்கள். மார்ஷல் அவரைக் குதிரைமேல் நிறுத்தி வரைந்திருக்கிறார். ஒரு உழைப்பாளியின் பெயரைப் பிரபுக்கள் கூடும் உலகத்தில் ஒரு டெர்பி குதிரை சுமந்தது என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை, ஏனென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்கூட ஜாக்கிக்கு வழக்கமான கூலி தோற்றால் மூன்று கினி, ஜெயித்தால் ஐந்து கினி. லாயத்து வாசல் அண்ணன் சொன்ன ஐம்பது கினிப் படத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

ஜாக்கியே இல்லாத படமும் உண்டு, அதையும் நீங்கள் பார்க்க வேண்டும். ஸ்டப்ஸ் 1800-ல், 75 வயதில் வரைந்தது, ஹாம்பிள்டோனியன் என்ற குதிரை. முந்தைய வருடம் நியூமார்க்கெட்டில் டயமண்ட் என்ற குதிரையோடு 3000 கினி பந்தயம், நாலு மைலுக்கு மேல், அரைக் கழுத்து அளவில் ஜெயித்தது. கடைசியில் சாட்டையும் முள்ளுமாக அந்த மிருகத்தை வதைத்துத்தான் ஜெயித்தார்கள். ஓட்டியவர் ஃபிராங்க் பக்கிள், அந்தக் காலத்தில் முதல் வரிசை ஜாக்கி. படத்தில் அவர் இல்லை. பந்தயம் முடிந்த களைப்போடு குதிரை நிற்கிறது, ஒரு பக்கம் பயிற்சியாளர், இன்னொரு பக்கம் லாயத்துப் பையன் ஒரு கையைக் குதிரையின் மேல் போட்டுக்கொண்டு நம்மை நேராகப் பார்க்கிறான். பன்னிரண்டு அடி அகலப் படம். உரிமையாளர் பணம் தர மறுக்க, ஸ்டப்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார். வட அயர்லாந்தில் மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் இருக்கிறது. வெற்றியைக் கொண்டாடச் சொல்லிக் கேட்ட படத்தில் அந்த வெற்றிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை வரைந்துவிட்டார் கிழவர், அவருக்கு அந்தக் குதிரைமேல் எவ்வளவு பரிவு இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

ஜாக்கிகளின் உடம்பு ரொம்ப ஒல்லியாக இருக்கிறதே என்றும் தோன்றலாம். உங்கள் 1851 போட்டியில் வோல்டிஜர் சுமந்த எடை 8 ஸ்டோன், சுமார் 51 கிலோ, அதில் சேணமும் சேர்த்தி. அதற்காகப் பட்டினி கிடந்தார்கள், கனத்த துணிகளைப் போட்டுக்கொண்டு மைல் கணக்கில் நடந்து வியர்வையாக வழியவிட்டார்கள். ஃபிரெட் ஆர்ச்சர், 13 வருடம் தொடர்ந்து சாம்பியன், 2748 பந்தயங்கள் ஜெயித்தவர், உயரம் 5 அடி 10 அங்குலம். அந்த உயரத்துக்கு அந்த எடையில் இருக்க வேண்டுமென்றால் என்ன செய்திருக்க வேண்டும்? 1886-ல் பட்டினியும் காய்ச்சலும் சேர்ந்து வாட்ட, 29 வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதனால் ஒடுங்கிய கன்னத்தைப் பார்த்தால் ஓவியர் பாணிக்காக வரைந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் ஒரு தொழில்நுட்ப விஷயம், நகலெடுக்கும்போது உதவும். இன்றைய ஜாக்கி மாதிரி குனிந்து முழங்காலை மடக்கி வரைந்துவிடாதீர்கள். அப்போது அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கிற வளையம், நீளமாக இருக்கும், கால் கிட்டத்தட்ட நேராகத் தொங்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். அமெரிக்காவிலிருந்து டாட் ஸ்லோன் 1897-ல் வந்து, அங்கவடியைச் சுருக்கிக் கழுத்தோடு ஒட்டிக் குனிந்து ஓட்டியபோது முதலில் குரங்கு மாதிரி என்றார்கள். அவர் ஜெயிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் அதற்கு மாறினார்கள். நீங்கள் வரைவது அதற்கு அரை நூற்றாண்டு முந்தைய உட்காரல்.

தேன்மொழி வரைகிறாள்:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, மனம் நிறைந்துவிட்டது. கால்களைத் திருத்தப் போவதில்லை, அது முடிவு. லாயத்து வாசல் அண்ணா, மெம்னனை இறக்கிக்கொண்டேன், நேற்று ராத்திரி வெறும் காதை மட்டும் ஒரு மணி நேரம் வரைந்துகொண்டிருந்தேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். யார்க் போட்டியில் கடைசியில் என்ன ஆனது? வரைந்து வரைந்து இரண்டு குதிரையும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன.

லாயத்து வாசல்:

டச்மேன் ஜெயித்தது, ஒரு குதிரை நீளம்கூட முழுதாக இல்லை. இரண்டு மைல், வோல்டிஜரை ஓட்டிய நாட் ஃபிளாட்மேன் முதலிலேயே முன்னால் போய்விட்டார், டச்மேனை ஓட்டிய சார்லி மார்லோ பின்னால் பொறுமையாக வந்து முடிவுக்கோட்டுக்கு அருகில்தான் தாண்டினார். அதற்கு முந்தைய வருடம் டான்காஸ்டர் கோப்பையில் வோல்டிஜர் டச்மேனைத் தோற்கடித்திருந்தது, டச்மேன் வாழ்நாளில் தோற்றது அந்த ஒரே ஒரு முறைதான். அதனால்தான் யார்க்கில் அப்படிக் கூட்டம்.

தோற்ற குதிரை பற்றிக் கவலைப்படாதீர்கள். வோல்டிஜரைப் பிறகு லான்ட்சீர் தனியாக வரைந்தார். லாயத்தில் நிற்கிறது, ஜாக்கி இல்லை, சேணம் இல்லை, தலையைக் குனிந்து கீழே நிற்கும் ஒரு பூனையைப் பார்க்கிறது. அந்தப் பூனை எப்போதும் அதன் முதுகில் ஏறிப் படுத்துக்கொள்ளுமாம். எங்கள் லாயத்திலும் அப்படி ஒரு ஜோடி இருந்தது, குதிரைக்குத் துணையாக ஒரு ஆடு. ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனால் குதிரை தீனி எடுக்காது.

கரித்துண்டு:

அந்த லான்ட்சீர் படத்தை மறந்தே போயிருந்தேன், நினைவுபடுத்தியதற்கு நன்றி. தேன்மொழி, வண்ணத்துக்குப் போகும்போது ஒரு சின்னக் குறிப்பு. நீங்கள் வைத்திருப்பது எண்ணெய் ஓவியத்தின் படம் இல்லை, அக்வாடின்ட் அச்சு, கறுப்பு மையில் அச்சிட்டுக் கையால் வண்ணம் பூசியது. சத்திரங்களிலும் வீடுகளிலும் மாட்ட ஏராளமாக விற்றார்கள், பூசியது வேறு வேறு கைகள் என்பதால் ஒரே அச்சின் இரண்டு பிரதிகளில் புல்லின் பச்சைகூட ஒன்றாக இருக்காது. அதனால் இணையத்தில் இரண்டு மூன்று பிரதிகளைப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள். நீர்வண்ணத்தில் மெல்லிசாகப் பூசினால் அந்த அச்சின் தன்மை தானாக வரும், கனமாகப் பூசினால் வராது.

தேன்மொழி வரைகிறாள்:

இன்று காலை மறுபடி உட்கார்ந்தேன். மழைக்காகிதம் அக்கா சொன்ன பிறகுதான் பார்த்தேன், இரண்டு ஜாக்கிகளின் முழங்காலையும் என்னை அறியாமலே மேலே தூக்கி, முதுகை வளைத்து வரைந்திருக்கிறேன். மூலத்தில் அப்படி இல்லை, என் கண் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியதைக் கை போட்டுவிட்டது. அழித்து அங்கவடியை ஒரு விரல் கீழே இறக்கினேன். இறக்கியதும் மார்லோ நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், குதிரையின் கழுத்து முன்பைவிட நீளமாகத் தெரிகிறது, கால்களும் இப்போது உறுத்தவில்லை. நாளைக்குப் புல்.